எங்களுக்கு மலையில ஒரு ராத்திரி குடுங்க: வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு வனத்துறை அதிகாரிங்களுக்கும், மலையேற்றத் திட்டத்தை நடத்துற எல்லாருக்கும்,

வணக்கம். நாங்க மதுரைப் பக்கத்து ஆளுங்க. ஒரே காலேஜ்ல படிச்சிட்டு ஆளுக்கொரு திசையில பிழைக்கப் போயிட்டோம், பொங்கல் லீவு முடியுற வாரத்துல மட்டும் எங்கயாவது ஒரு மலையில ஒண்ணு சேந்துருவோம். கல்யாணம், காதுகுத்துக்குக் கூட சாக்கு சொல்லிருவானுங்க, இதுக்கு சொல்ல மாட்டானுங்க. இது புகார் மனு இல்லைன்னு முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா கவர்மென்ட்டுக்கு லெட்டர்னாலே திட்டத்தான்னு ஒரு பழக்கம் வந்துருச்சு. நீங்க செஞ்சதுல பாதி எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், மலையில ராத்திரி தங்குறதுக்கு முறையான ஒரு வழி. பெர்மிட் போட்டு, காசு கட்டி, பேரு எழுதிக் குடுத்து, கைடு கூட வர, ஒரே ஒரு ராத்திரி.

யாருடா நீங்கன்னு கேப்பீங்க. ஒருத்தன் ஷார்ஜாவுல ஏசி மெக்கானிக், வருஷ லீவையே இதுக்காக ஜனவரில போடுறவன், "அம்மாவைப் பாக்க வர்றியா மலையைப் பாக்க வர்றியா"ன்னு வீட்ல வருஷா வருஷம் பாட்டு வாங்குறான். ஒருத்தன் போடில ஏலக்காய் வியாபாரம், மார்க்கெட் ரேட்டு ஏறுச்சுன்னா அந்த வருஷம் மட்டன் சுக்கா அவன் செலவு, இறங்குச்சுன்னா ஊறுகாய் மட்டும்தான். ஒருத்தன் சென்னைல ஐடி, கிளம்புறதுக்கு முன்னாடி "முட்டி வலிக்குதுடா, நான் வரலை"ன்னு மெசேஜ் போடுவான், ஆனா மாட்டுத்தாவணில எங்களுக்கு முன்னாடி வந்து டீ குடிச்சிட்டு நிப்பான். எங்களுக்கு சீனியர் ஒருத்தர் இருக்காரு, கவர்மென்ட் ஸ்கூல் வாத்தியார், அவரை எல்லாரும் அண்ணேன்னுதான் கூப்பிடுவோம். மேப்பு, மருந்துப் பை, கணக்கு நோட்டு, வசவு எல்லாமே அவர் டிபார்ட்மென்ட்.

ஆரம்பத்துல எங்ககிட்ட டென்ட்டும் கிடையாது ஒண்ணும் கிடையாது, ஸ்கூல் பேக்ல ஜமுக்காளத்தைச் சுருட்டி வச்சு, புளிசோத்தை வாழை இலையில கட்டி, அட்டைக்கு மூக்குப்பொடி டப்பா ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போயிருவோம். இப்ப எல்லார்கிட்டயும் நல்ல ஷூ இருக்கு, ஹெட்லைட் இருக்கு, தூங்குறதுக்குப் பை இருக்கு, ஆனா மாத்திரை டப்பாவும் கூடவே வந்துருச்சு. முன்னாடி பேச்சு எல்லாம் பொண்ணுங்களைப் பத்தி, அப்புறம் சம்பளம், அப்புறம் ஈஎம்ஐ, இப்ப யாருக்கு சுகர் எவ்வளவுன்னு வந்து நிக்குது. போற போக்குல மருமக எப்படின்னு பேசுற வயசும் வந்துரும்.

இதுல ராத்திரிக்கு என்ன பெரிய முக்கியத்துவம், காலைல ஏறி சாயங்காலம் இறங்கினா மலையைப் பாத்த மாதிரிதானேன்னு கேக்கலாம். நிறையப் பேர் கேட்டிருக்காங்க. பகல்ல நடக்குறப்ப எங்களுக்குள்ள பேச்சே இருக்காதுங்க. ஏத்தத்துல மூச்சு வாங்கும், முன்னாடி போறவன் செருப்பு சறுக்குதான்னு பாக்கணும், புல்லுல அட்டை இருக்கான்னு பாக்கணும், தண்ணி மிச்சம் எவ்வளவுன்னு பாக்கணும், நடுவுல ஒருத்தன் போட்டோ எடுக்க நிப்பான், எல்லாரும் அவனைத் திட்டணும். உச்சிக்குப் போனா கைடு அண்ணன் வாட்சைப் பாப்பாரு, ரெண்டு மணிக்குள்ள இறங்க ஆரம்பிச்சாத்தான் வெளிச்சத்துல கீழ போய்ச் சேர முடியும், அது அவர் கடமை, தப்பு சொல்ல முடியாது. ஆனா மேல இருந்த நேரம் முழுக்க "கிளம்பணும்"ங்குற நெனப்புதான் ஓடிக்கிட்டு இருக்கும்.

ராத்திரி தங்குனா அந்த நெனப்பே இருக்காது. ஏழு மணிக்கெல்லாம் கும்மிருட்டு. போன்ல சிக்னல் கிடையாது, அதனால எவனும் தலையைக் குனியுறது இல்ல. சின்ன கேஸ் அடுப்புல கட்டஞ்சாயா கொதிக்கும், அதுல ஒரு இஞ்சித் துண்டு தட்டிப் போட்டு ஆளுக்கு அரை டம்ளர். காத்து ஒரு பக்கமா அடிக்க ஆரம்பிச்சா டென்ட் துணி படபடன்னு அடிச்சுக்கிட்டே இருக்கும், அந்தச் சத்தத்துல பேசணும்னா கிட்ட வந்து உக்காரணும். அப்பத்தான் ஒருத்தன் சொல்லுவான், ஒரு வருஷமா யாருகிட்டயும் சொல்லாததை. அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சதையும், கடை நஷ்டத்துல போறதையும், வீட்ல பேசியே ஆறு மாசம் ஆச்சுங்குறதையும் நாங்க ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சிக்கிட்டது மலையிலதான். போன்ல கேட்டா "நல்லாருக்கேன்டா"ன்னுதான் வரும். காபி கடையில உக்காந்து கேட்டாலும் அதேதான். இருட்டுல முகம் தெரியாதப்ப ஆம்பளைங்க கொஞ்சம் உண்மை பேசுவானுங்க, இது என் சொந்த ஆராய்ச்சி.

பேச்சுக்கு நடுவுல எங்கயோ கீழ சோலைக்குள்ள இருந்து ஒரு கடமான் கத்தும். ஒரே ஒரு அதட்டல் மாதிரி, டாங்குன்னு. உடனே கைடு அண்ணன் கையைத் தூக்குவாரு, நாங்க வாயை மூடணும். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவை, இந்தத் தடவை கொஞ்சம் தள்ளி. "செந்நாயா இருக்கும், இல்ல சிறுத்தை, நம்ம பக்கம் வரலை"ம்பாரு சாதாரணமா, நாங்க எச்சிலை முழுங்குவோம். கேளையாடுன்னு ஒரு சின்ன மான் இருக்கு, அது கத்துறது வேற, அது நாய் குரைக்குற மாதிரியே இருக்கும், முதல் தடவை கேக்குறவன் "ஊரு பக்கத்துல இருக்கு போல"ன்னு நிம்மதி ஆயிருவான். பக்கிக் குருவி ஒண்ணு ராத்திரி முழுக்க ஒரே ராகத்துல தட்டிக்கிட்டே இருக்கும். காட்டுல நிறைய நடமாடுறதே இருட்டுன பிறகுதான், பகல்ல மட்டும் போயிட்டு வர்றவனுக்கு பாதிக் காடு தெரியவே தெரியாது. விடியக்காலைல எந்திரிச்சா கீழ மேகம் நிரம்பிக் கிடக்கும், அதை எல்லாரும் போட்டோல பாத்திருக்கீங்க, அதைப் பத்தி நான் எழுதப் போறதில்ல.

சரி, குரங்கணி. இதைப் பேசாம இந்த மடலை எழுதுனா நான் யோக்கியன் இல்ல. போடிக்கு மேல அந்த மலையில ஏறப் போனவங்க காட்டுத் தீயில மாட்டுன நாள், 2018 மார்ச் 11. நாங்க எல்லாரும் டிவி முன்னாடி உக்காந்து பாத்தோம், எங்க போடிக்காரன் ராத்திரி முழுக்க போன்ல இருந்தான். சென்னைல இருந்து வந்த ஒரு குரூப்பு, ஈரோடு திருப்பூர்ப் பக்கம் இருந்து வந்த ஒரு குரூப்பு, காஞ்ச புல்லு, செங்குத்தான சரிவு, காத்து. மொத்தம் 23 பேர் செத்துப் போனாங்க. ஹெலிகாப்டர் வந்துச்சு, கமாண்டோ வந்தாங்க, ஆனா முதல்ல மேல ஓடுனது குரங்கணி ஊர்க்காரங்கதான், போர்வையைக் கம்புல கட்டி டோலி மாதிரி செஞ்சு ராத்திரியோட ராத்திரியா தூக்கிட்டு வந்தாங்க. அந்த ஊர் ஆளுங்களுக்கு நாம என்ன செஞ்சோம்னு எனக்கு இப்பவும் ஒரு கேள்வி உண்டு.

அந்த மலை எங்களுக்குப் புதுசு இல்ல. குரங்கணில இருந்து சென்ட்ரல்ங்குற மலை ஊர் வழியா மூணாறு பக்கத்து டாப் ஸ்டேஷன் போற பாதை நாங்க காலேஜ் படிக்குறப்பவே நடந்த பாதை. அதுக்கும் முன்னாடி அது வெள்ளைக்காரன் காலத்து டீ பாதை, மூணாறுல விளைஞ்ச டீ குண்டலா ரயில்ல டாப் ஸ்டேஷன் வந்து, அங்க இருந்து ரோப்வேல கொட்டக்குடிக்கு இறங்கி, போடிக்குப் போயிருக்கு. முதல்ல 1902ல மோனோ ரயில், 1908ல சின்ன ரயில், 1924 வெள்ளம் வந்து ரயிலை மொத்தமா அடிச்சிட்டுப் போயிருச்சு. நடுவுல ரோப்வேக்கு இருந்த ஸ்டேஷன் பேருதான் இன்னைக்கும் சென்ட்ரல்ங்குற ஊருக்கு நிக்குது. அப்படி நூறு வருஷத்துக்கு மேல மனுஷன் நடந்த மலையில, 2018க்கு அப்புறம் நம்ம ஆளுங்க எல்லாரும் சந்தேகக் கேஸ் ஆயிட்டோம். அது நியாயம்தான். அதுக்கு முன்னாடி இருந்த நிலைமை அப்படி, யாரு வேணும்னாலும் குரூப்பு ஆரம்பிக்கலாம், யாரு வேணும்னாலும் கூட்டிட்டுப் போகலாம், எந்த மாசம் புல்லு காயும்னு கூடத் தெரியாம ஆளை ஏத்திவிட்டாங்க. ரூல்ஸ் வந்துச்சு, மலையேற்றத்தையே எளிது, நடுத்தரம், கடினம்னு பிரிச்சீங்க, தீ சீசன்ல மூடுறீங்க. பிப்ரவரி பாதில இருந்து ஏப்ரல் பாதி வரைக்கும் யாரையும் விடாதீங்க, எவன் சிபாரிசோட வந்தாலும் விடாதீங்க. இதுல எங்களுக்கு ஒரு துளி மாற்றுக் கருத்து இல்ல.

அப்புறம் 2024 அக்டோபர்ல உங்க 40 மலையேற்றப் பாதைத் திட்டம் வந்துச்சு. எங்க அண்ணன் அன்னைக்கே லிஸ்ட்டை பிரின்ட் எடுத்து சுவத்துல ஒட்டிட்டாரு. பதினாலு மாவட்டம், ஆன்லைன்ல புக்கிங், ஊர்க்காரங்களே கைடு. குரங்கணில இருந்து சாம்பலாறு வரைக்கும் ஒரு பாதை அதுல இருந்ததைப் பாத்து எங்க போடிக்காரன் கொஞ்ச நேரம் பேசலை. நல்லா பண்ணிருக்கீங்கன்னு இந்த இடத்துல மனசாரச் சொல்லணும். முக்கியமா கைடுங்க. இருளர், பளியர், காணி, காடர், மலசர்னு அந்தந்த மலையில பொறந்து வளந்த ஆளுங்களுக்கு யூனிபார்ம் குடுத்து, பயிற்சி குடுத்து, சம்பளமும் குடுத்தது பெரிய வேலை. முன்னாடி நாங்க போறப்ப கைடுன்னு சொல்லிக் கூட வர்றவரு கையில என்ன குடுக்குறதுன்னு எங்களுக்கும் தெரியாது, கேக்க அவருக்கும் கூச்சம், கடைசில பேரம் பேசி முடியும். அது அசிங்கமா இருக்கும்.

அவங்க அறிவுக்கு விலை குடுக்கணும்னு சொல்றதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. 1987ல கேரளாப் பக்கம் அகத்தியர் மலையில செடி ஆராய்ச்சிக்குப் போன விஞ்ஞானிங்க, கூட வந்த காணி கைடுங்க ஏதோ ஒரு பழத்தை மென்னுக்கிட்டே களைப்பில்லாம ஏறுறதைப் பாத்து கேட்டாங்க, முதல்ல சொல்லலை, அப்புறம் காட்டுனாங்க. அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதுல இருந்து ஜீவனின்னு மருந்து வந்துச்சு, வந்த காசுல காணி மக்களுக்கும் பங்குன்னு ஒப்பந்தம் போட்டாங்க, உலகம் முழுக்க அதை உதாரணமாப் பேசுனாங்க. நடைமுறைல அதுல ஆயிரம் சிக்கல் வந்துச்சு, அது வேற. நம்ம கைடு அண்ணன்கிட்ட ஒரு நாள்ல எட்டு மணி நேரம் நடந்துட்டு "தேங்க்ஸ்ணே"ன்னு சொல்லிட்டு இறங்குறப்ப அவருக்குத் தெரிஞ்சதுல நூத்துல ஒண்ணு கூட நம்ம காதுல விழுந்திருக்காது. அவரு பேசுறதே சாப்பிட்டு முடிச்சு கால் நீட்டி உக்காந்த பிறகுதான். எந்த மரத்துல தேன் எடுத்தாங்க, எந்த ஓடையில யானை குட்டி போட்டுச்சு, தாத்தா காலத்துல எங்க குடியிருந்தாங்க, ஏன் இறங்கி வந்தாங்க, இதெல்லாம் ராத்திரிக் கதை.

இப்ப நீங்க கதவை மூடி வச்சதால ராத்திரி தங்குறது நின்னு போச்சான்னா, நிக்கலை. அதுதான் என் வருத்தம். ரூல்ஸ மதிக்குறவன் மட்டும்தான் தங்குறதில்ல. மலை மேல தனியார் நிலத்துல டென்ட் போட்டு வாடகைக்கு விடுறது எவ்வளவு பெருகிப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியாம இருக்காது. பேர் சொல்ல விரும்பலை, ஒரு எஸ்டேட்ல நாங்க ஒரு வருஷம் தங்குனோம், வேற வழியில்லாம. வரிசையா டென்ட்டு, கல்யாண மண்டபம் மாதிரி லைட்டு, நடுவுல தீ மூட்டி பெரிய ஸ்பீக்கர்ல குத்துப்பாட்டு, பன்னெண்டு மணிக்கு மேல பாட்டில் உடையுற சத்தம். பத்தடி தள்ளி காஞ்ச புல்லு. ஒரு பொறி பறந்தா என்னாகும்னு எங்க அண்ணன் தூங்கவே இல்ல, ஒரு குடம் தண்ணியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. காலைல ஜீப்பு வந்து ஆளுங்களை சூரியனைப் பாக்க அள்ளிட்டுப் போச்சு. அந்தக் கடமானுக்கு அந்த மலையில அன்னைக்கு வேலையே இல்ல.

காட்டுக்குள்ள தங்கக்கூடாதுன்னு சட்டம் சொல்லுது, காட்டோட வேலிக்கு வெளிய இருபதடில டிஜே வைக்கலாம்னு நடைமுறை சொல்லுது. கைடோட, தீ மூட்டாம, கணக்கு வச்சு எட்டுப் பேர் அமைதியாப் படுத்துத் தூங்குறதால வர்ற ஆபத்து பெருசா, இது பெருசா?

இன்னொரு விஷயம், கொஞ்சம் பொறாமையோட சொல்றேன். ராத்திரி வேணும்னா நாங்க இப்ப கேரளாவுக்குத்தான் போறோம். மீசப்புலிமலைக்கு அங்க வன வளர்ச்சிக் கழகமே பேஸ் கேம்ப் நடத்துது, டென்ட், சாப்பாடு, கைடு எல்லாம் அவங்களே, காசு அவங்க கஜானாவுக்கு. அகத்தியர்கூடம் இன்னும் கொடுமை. 1,868 மீட்டர், தாமிரபரணி பொறக்குற பொதிகை, தமிழுக்கே இலக்கணம் குடுத்தவருன்னு நாம கும்புடுற முனிவர் பேருல இருக்குற மலை. நம்ம பாபநாசம் பக்கமா ஏறுன பழைய வழி இப்ப நமக்குக் கிடையாது. திருநெல்வேலிக்காரனே திருவனந்தபுரம் போயி, போனக்காட்டுல கேரளா பாரஸ்ட்காரங்ககிட்ட பேரைக் குடுத்து, ஒரு நாள் முழுக்க நடந்து அதிருமலை கேம்ப்ல ஷெட்டுல படுத்து, மறுநாள் உச்சிக்குப் போயிட்டு வரணும். ஜனவரி, பிப்ரவரில சில வாரம் மட்டும்தான் தொறப்பாங்க, புக்கிங் நிமிஷத்துல முடிஞ்சிரும். கூட்டம் அளவா, சாப்பாடு கஞ்சியும் பயறும், பிளாஸ்டிக்குக்கு செக்கிங், அட்டைக்கு மட்டும் எந்தக் கட்டுப்பாடும் இல்ல. அந்த ஷெட்டுல ராத்திரி படுத்திருந்தப்ப பக்கத்துல படுத்தவங்கள்ல பாதிப் பேர் பேசுனது தமிழ். புலிகள் காப்பகம் நம்ம பக்கம் இருக்கு, அதனால மூடி வச்சிருக்கீங்க, அதுல நியாயம் இருக்கு, அதைத் தொறங்கன்னு நான் கேக்கலை. கட்டுப்பாட்டோட ஆளைத் தங்க வைக்க முடியும்னு பக்கத்து மாநிலம் செஞ்சு காட்டுதுன்னு மட்டும் சொல்றேன்.

வெளிய தேட வேண்டியதே இல்ல, உங்ககிட்டயே இருக்கு. பில்லூர் அணைப் பக்கம் பரளிக்காடு, பூச்சமரத்தூர். பரிசல்ல கூட்டிட்டுப் போயி, அந்த ஊர்ப் பொம்பளைங்க கையால களியும் கீரையும் சாப்பாடு போட்டு, தங்க இடமும் குடுத்து, வருமானம் ஊருக்கே போற மாதிரி பண்ணிருக்கீங்க. நாங்க குடும்பத்தோட போயிருக்கோம், எங்க வீட்டுப் பசங்க இன்னைக்கும் அந்தக் களியைப் பத்திப் பேசுதுங்க. அந்த மாதிரிதான் கேக்குறோம், ஆனா கொஞ்சம் மேல, கொஞ்சம் கஷ்டமா, கால்நடையா மட்டும் போற மாதிரி.

எங்க எங்க பண்ணலாம்னா, சென்ட்ரல் மாதிரி ஏற்கனவே ஆளுங்க குடியிருக்குற மலை ஊருங்க இருக்கு. வெள்ளகவி இருக்கு, கொடைக்கானலுக்கும் கும்பக்கரைக்கும் நடுவுல, ரொம்ப காலமா ரோடே இல்லாம சாமான் எல்லாம் குதிரையிலயும் தலையிலயும் போன ஊரு, ஊருக்குள்ள செருப்புப் போட மாட்டாங்க. ஒரு பக்கம் கொடைக்கானல்ல காரு நிக்க இடம் இல்லாம ஹைகோர்ட் சொல்லி 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் போட்டு, அப்புறம் ஒரு நாளைக்கு இத்தனை வண்டின்னு கணக்கும் வச்சாச்சு, இன்னொரு பக்கம் அதே மலையோட சரிவுல நடந்து போயிட்டு வர்ற ஊருக்கு நாலு காசு வரலை. ஊர்ச் சபை சம்மதிச்சா, அவங்க நிலத்துல, அவங்க சொல்ற எண்ணிக்கையில, வாரத்துல சில நாள் மட்டும். அவங்க வேண்டாம்னு சொன்னா வேண்டாம், அதோட முடிஞ்சது. யானைத் தடம், புலிகள் காப்பகத்தோட உள் காடு, குட்டி போடுற சீசன், இதையெல்லாம் நீங்கதான் முடிவு பண்ணணும், நாங்க கருத்து சொல்ல வரலை.

தீ வேண்டவே வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்றேன், ஏன்னா நிறையப் பேருக்கு கேம்ப்னாலே விறகு போட்டு சுத்தி ஆடுறதுதான். கேம்ப் ஃபயர் இல்லாமலே ராத்திரி ஓடும், இன்னும் சொல்லப் போனா நல்லா ஓடும், கண்ணு இருட்டுக்குப் பழகுனாத்தான் வானம் தெரியும். சமையல் ஊர்க்காரங்க அடுப்புல, அவங்க கூரைக்குக் கீழ. சரக்கு, ஸ்பீக்கர் ரெண்டும் செக்போஸ்ட்லயே வாங்கி வச்சிருங்க. குப்பைக்கு வெள்ளியங்கிரில நீங்களே ஒண்ணு செஞ்சிருக்கீங்க, தண்ணி பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி இருபது ரூபா டெபாசிட், திரும்பக் கொண்டு வந்தா காசு வாபஸ். நாங்க அதுக்கே ஆடிப்போயிட்டோம், அவ்வளவு கூட்டத்துலயும் இருபது ரூபாய்க்காக பாட்டிலைப் பத்திரமா இறக்குறான் நம்மாளு. எங்களுக்கு ஆளுக்கு ஆயிரம் ரூபா டெபாசிட் வைங்க, கொண்டு போன பிளாஸ்டிக் எல்லாம் எண்ணி வாங்கிட்டு திருப்பிக் குடுங்க. கக்கூசு மட்டும் ஒழுங்கா கட்டுங்க சாமி. பொம்பளைங்க வர்றாங்க, எங்க வீட்டுல இருந்தே வரப் போறாங்க, அவங்க இதுவரைக்கும் வராததுக்கு பயம் காரணம் இல்ல, இது ஒண்ணுதான் காரணம்.

விலையைப் பத்தியும் ஒரு வார்த்தை. வெள்ளியங்கிரிக்கு யாத்திரை சீசன் இல்லாத காலத்துக்கு ஐயாயிரத்துக்கு மேல போட்டப்ப ஊரே பேசுச்சு. கைடுக்குப் போற காசுல கை வைக்காதீங்க, ஆனா போடி காலேஜ்ல படிக்குற பையனுக்கும் சென்னை ஐடிக்காரனுக்கும் ஒரே ரேட்டு வேண்டாம். நாங்க படிக்குறப்ப அந்த ரேட்டு இருந்திருந்தா எங்க கூட்டமே உருவாகி இருக்காது, சத்தியமா.

இதையெல்லாம் படிச்சிட்டு எங்க குரூப்லயே ஒருத்தன் எதிர்ப்பு. ஏலக்காய்க்காரன்தான். "நீ லெட்டர் எழுதுவ, அவங்க தொறப்பாங்க, அடுத்த வருஷம் ரீல்ஸ் வரும், அதுக்கடுத்த வருஷம் அங்க ஒரு டீக்கடை, அப்புறம் ஒரு ரோடு, அப்புறம் இன்னொரு கொடைக்கானல். மூடியே கெடக்கட்டும்டா"ன்னான். அவன் சொல்றது தப்புன்னு என்னால சொல்ல முடியலை. 2024 குடியரசு தின லீவுல கர்நாடகாவுல குமார பர்வதத்துல எறும்புப் புத்து மாதிரி கூட்டம் நின்ன வீடியோவை எல்லாரும் பாத்தோம், அப்புறம்தான் அங்க ஆன்லைன் புக்கிங் இல்லாம யாரையும் விடாம நிறுத்துனாங்க. அதனாலதான் எண்ணிக்கை, எண்ணிக்கைன்னு திரும்பத் திரும்பச் சொல்றேன். வருஷத்துக்கு ஒரு தடவைதான் இடம் கிடைக்கும்னா கூட சரி, லாட்டரி குலுக்கிப் போட்டா கூட சரி, எங்களுக்கு அந்த வருஷம் விழலைன்னா கீழ போடில ஒரு லாட்ஜுல ரூம் போட்டு சீட்டாடிட்டுப் போறோம். ரோடு மட்டும் போடாதீங்க. ஏலக்காய்க்காரனும் அதுக்கு சரின்னுட்டான், கையெழுத்துப் போடுறேன்னு சொல்லிருக்கான், முணுமுணுத்துக்கிட்டேதான்.

ஆள் பத்தாக்குறைன்னு நீங்க சொல்லுவீங்க, அதுவும் தெரியும். வேட்டைத் தடுப்புக் காவலருங்க படுற பாட்டை நாங்க நேர்ல பாத்திருக்கோம், ஒழுகுற முகாம்ல ரேஷன் அரிசியோட வாரக்கணக்குல இருக்காங்க, நிறையப் பேர் இன்னும் தற்காலிக ஆளுங்கதான். ராத்திரி தங்குறதுக்கு வர்ற காசுல ஒரு பங்கு அந்த முகாமுக்குக் கூரை மாத்தப் போகட்டும், டிசம்பர் ஜனவரில தீ பரவாம இருக்க புல்லை வெட்டி இடைவெளி விடுற ஃபயர் லைன் வேலைக்குப் போகட்டும். வேணும்னா எங்களையும் வெட்டக் கூப்பிடுங்க. ஒரு நாள் ஃபயர் லைன் வெட்டுனா ஒரு ராத்திரி தங்கலாம்னு ரூல் போடுங்க, ஷார்ஜாக்காரன் உள்பட எல்லாரும் அரிவாளோட வந்து நிப்போம். வெட்டத் தெரியாத ஐடிக்காரனுக்கு மட்டும் தண்ணி தூக்குற வேலை குடுங்க.

முதல்ல ஒரே ஒரு இடம். எங்க ஆசை சென்ட்ரல், ஏன்னா அது எங்க மலை. இல்ல, வேற இடம்தான் சரின்னு நீங்க நெனச்சா அதுவும் சம்மதம். ஒரு சீசன், அக்டோபர்ல இருந்து ஜனவரி முடிய, நடத்திப் பாருங்க. ஊர்க்காரங்ககிட்டயும் கைடுங்ககிட்டயும் கேட்டு, வேண்டாம்னா மூடிருங்க. இந்த மடலோட பிரதி மாவட்ட வன அலுவலருக்கும் தபால்ல போகுது, அண்ணன் கையெழுத்துல, ஸ்டாம்பு ஒட்டி, ஒப்புகை அட்டையோட. யாரை, எந்த ஆபீஸ்ல, என்னைக்கு வந்து பாக்கணும்னு ஒரு வரி எழுதுங்க, திங்கக்கிழமையா இருந்தா நல்லது, ஏலக்காய்க்காரனுக்கு அன்னைக்குத்தான் தோதுப்படும்.

இப்படிக்கு,
பொங்கலுக்கு அப்புறம் மலை ஏறுற மதுரைக் கூட்டம்